ஒரே பாத்திரம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கண்டமங்கலத்தைத் தாண்டும்போது எது தமிழ்நாடு, எது புதுவை என்று பெட்ரோல் பங்கின் விலைப் பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாநில எல்லை வரப்பு மாதிரி வளைந்து நெளிந்து போகிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் எல்லையில் அந்தக் குழப்பம் கிடையாது. ஒரு வாய்க்கால், ஒரு புளியமரம், ஒரு வளைவு, அவ்வளவுதான். வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. உள்ளூரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் லுத்தரன் கோயில் ஒன்றைத் தேடிப் போனால் பெரும்பாலும் அந்த வளைவுக்கு அப்பால்தான் போய் நிற்போம்.

அப்படி நான் போய்வரும் ஒரு கோயிலில் கொரோனாவுக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. முன்பு திருவிருந்துக்கு ஒரே பாத்திரம்தான். பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் வரிசையாக முழங்கால்படியிடுவார்கள். போதகர் பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைப்பார், வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார், கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். இப்போது ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள், இருமல் மருந்து ஊற்றும் மூடி அளவுக்கு. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம், யாருடைய எச்சிலும் யாருக்கும் படாது. ஆராதனை முடிந்ததும் கோயில் வேலை செய்கிற அம்மா அவற்றை ஒரு கட்டைப்பையில் கொட்டிக்கொண்டு போகிறார்.

சுகாதாரத்துக்கு நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டைப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். யாருக்குப் பின்னால் யார் குடிப்பது என்பது தமிழ் லுத்தரன் சபையின் மிகப் பழைய கேள்வி. கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், சபையை உடைத்திருக்கிறார்கள், புதிய மிஷனே தொடங்கியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு கிருமி வந்து கேள்வியையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பதில் மட்டும் வரவில்லை.

கிறிஸ்தவத் தமிழில் இதற்கு ஒரு சொல் உண்டு: ஒப்புரவாகுதல். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று வருகிறது. இதில் வாசிப்பவர் சட்டென்று தாண்டிப் போகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. குறை இருப்பது காணிக்கை கொண்டுவந்தவனுக்கு அல்ல, அவன் சகோதரனுக்கு. அதாவது எழுந்து போகவேண்டியவன் தவறு செய்தவன். நம் சபைகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேரெதிர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒப்புரவு என்ற சொல்லை விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் புதிதாகச் செய்யவில்லை. வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அங்கே அதற்குப் பொருள் சண்டை தீர்த்துக்கொள்வது இல்லை. ஊரோடு ஒத்து வாழத் தெரிவது, தன்னிடம் உள்ளது ஊருக்குப் பயன்படும்படி வாழ்வது. ஊருணியும் பழமரமும் அந்த அதிகாரத்தில்தான் வருகின்றன. அந்த அதிகாரத்தைச் சேர்த்துக் குறளை ஜெர்மன் மொழியில் 1856இல் வெளியிட்ட கார்ல் கிரௌல் ஒரு லுத்தரன். லைப்சிக் மிஷனின் இயக்குநர். சபைக்குள் சாதி இருந்தால் இருக்கட்டும் என்று விட்டவர்களில் முதன்மையானவரும் அவரேதான். ஊருணித் தண்ணீரைப் பற்றிய அதிகாரத்தை அவ்வளவு அக்கறையாகப் படித்த மனிதர், அந்த ஊருணியில் யார் இறங்கலாம் என்று கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பதில்தான் வேறு.

அதைப் புரிந்துகொள்ளத் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும். மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706இல் அங்கே வந்து இறங்கினார்கள். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. கோயிலுக்குள் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் முதலில் அவர்கள், பிறகு இவர்கள். 1733இல் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். கடலூரில் பிறந்த வெள்ளாளர், தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குருமார்களில் முதல்வர். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர், பறையர். அடியும் அவமானமும் பட்டுச் சபைகளைக் கட்டினவர். 1740ஐ ஒட்டி இரண்டாவது தமிழ்க் குரு யார் என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. மிஷனரிகளுக்கு அவர்மேல் மதிப்புக் குறைவு இல்லை. ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்களே என்று தயங்கினார்கள். பட்டம் 1741இல் டியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த இடத்தில் மிஷனரிகளை வில்லன்களாக்குவது சுலபம், எனக்கு அதில் ஆர்வமில்லை. எந்தச் சபை ஒரு மனிதனின் கையை மறுத்ததோ, அதே சபை அந்த ஞாயிற்றுக்கிழமையும் பாவ அறிக்கை சொல்லி மன்னிப்பும் பெற்றிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். அறிக்கையின் சொற்கள் பொதுவானவை. நினைவாலும் சொல்லாலும் செய்கையாலும் செய்த பாவம் என்று எல்லாவற்றையும் அவை மூடும். ராஜநாயக்கன் என்ற பெயர் அதில் வராது.

கண்டமங்கலத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுச்சேரியில் கத்தோலிக்கர்களின் கதையும் வேறாக இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் வருஷத்துப் பதிவொன்று உண்டு. கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து வைத்திருந்த சுவரைப் பற்றி அவர்கள் பாதிரியிடம் போய் முறையிடுகிறார்கள், சுவர் இடிக்கப்படுகிறது, சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போகிறார்கள். பிள்ளை கிறிஸ்தவர் இல்லை. வியாபாரக் கணக்கும் கவர்னர் மாளிகைச் செய்தியும் எழுதுகிற கையோடு இதையும் எழுதி வைத்திருக்கிறார். சுவரை எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த சீர்திருத்தக்காரர் யாரும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டை பெரிதானது. ஆங்கிலிக்கன் பேராயர் ஹீபர், சாதியை ஒரு சமூக மரியாதையாகப் பார்த்து மெதுவாகப் போகலாம் என்ற எண்ணம் உள்ளவர். 1826இல் திருச்சியில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பிவிட்டார்: சாதியை இனி ஒரு நாள்கூடச் சபைக்குள் வைத்திருக்க முடியாது. தஞ்சை, திருச்சி, சென்னை வேப்பேரி என்று பல இடங்களில் ஆட்கள் கோயிலை விட்டு வெளியே போனார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே, 1820களிலேயே, புதிய மிஷனரிகளோடு மோதிக்கொண்டிருந்தார். அவருடைய குறைகள் நான்கு: பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூவை விலக்குகிறார்கள், கோயிலில் தமிழ்ச் சங்கீதத்தைத் தடுக்கிறார்கள். இந்தப் பட்டியலைப் படிக்கிறபோது எனக்குச் சங்கடமாக இருக்கும். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் சாஸ்திரியார் பக்கம் நிற்கத் தோன்றும். அதே மூச்சில் அவர் இன்னொன்றையும் கேட்கிறார். தமிழ்ப் பண்பாடு என்று நாம் காப்பாற்றுகிற மூட்டைக்குள் சாதி எப்படிப் பத்திரமாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வெளியேறியவர்களில் கணிசமானோர் அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் லுத்தரன்களிடம் வந்து சேர்ந்தார்கள். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பழைய மிஷன் லைப்சிக்காரர்கள் கைக்கு வந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவைச் சாப்பிட மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்படமாட்டார் என்று தீர்மானம் போட்டது. லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. 1849 முதல் 1853 வரை இந்தியாவில் சுற்றிய கிரௌல் தம் தரப்பை எழுதியே வெளியிட்டார். சாதியில் மதக்கூறு உண்டு, சமூகக்கூறும் உண்டு. சுவிசேஷம் உள்ளே போனால் புளித்த மாவு மாதிரி மெல்ல வேலை செய்யும். சாப்பிட்டுக் காட்டு என்று பரீட்சை வைப்பது நற்செய்தியைச் சட்டமாக்கிவிடும். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

லுத்தரன் இறையியல் தெரிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் வேர் எங்கே என்று புரியும். கடவுள் கட்டளையிடாத, விலக்காத காரியங்கள் உண்டு: அங்கி, மெழுகுவத்தி, பண்டிகை நாள் மாதிரி. அவற்றில் ஒவ்வொரு சபைக்கும் சுதந்திரம் உண்டு. 1530இன் அவுக்ஸ்பர்க் அறிக்கை ஏழாம் பிரிவு, நற்செய்தியிலும் திருவருட்சாதனங்களிலும் ஒருமனம் இருந்தால் திருச்சபையின் ஒற்றுமைக்கு அது போதும் என்கிறது. ஆக, யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது சமூக வழக்கம். பீடத்தில் ஒரே அப்பம் கிடைக்கிறதல்லவா?

கிரௌலுக்குக் கீழே தரங்கம்பாடி மிஷனில் வேலை செய்த கார்ல் ஓக்ஸுக்கு இது பிடிபடவில்லை. ஊழியத்துக்கு வருகிறவன் சாதியை விட்டிருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். 1850களின் முடிவில் உறவு அறுந்தது. வடக்கே வந்தார். தென்னாற்காட்டில், நெல்லிக்குப்பத்தை ஒட்டிய மேல்பட்டாம்பாக்கத்தில் நிலம் வாங்கி, பெத்தானியா என்று பெயர் வைத்துக் குடியேறினார். 1860களின் தொடக்கத்தில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. திருக்கோவிலூர், திருவண்ணாமலை, விருத்தாசலம் என்று விரிந்து, இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக இருப்பது அந்தப் பிளவின் பிள்ளை. ஒரு சாப்பாட்டுப் பந்தியில் பிறந்த சபை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஓக்ஸ் 1873இல் காலமானார். லைப்சிக் மரபிலிருந்து 1919இல் உருவானது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. விழுப்புரம் பக்கம் இரண்டு மரபுச் சபைகளும் உண்டு.

(திண்டிவனத்துக்காரர்கள் ‘ஆற்காடு மிஷன்’ என்றால் வேறொன்றை நினைப்பார்கள். ஸ்கடர் குடும்பத்து அமெரிக்க ஆற்காடு மிஷன் அது. லுத்தரன் இல்லை, சீர்திருத்த மரபு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் போய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மருத்துவராகத் தீர்மானித்த அந்த இரவு திண்டிவனத்தில்தான் நடந்தது. இரண்டு ஆற்காடுகளையும் குழப்பிக்கொண்டு எழுதுகிற கட்டுரைகள் நிறைய.)

ஓக்ஸ் சொன்னது சரி என்று இன்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டாம். கிரௌல் எங்கே சறுக்கினார் என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. அவர் மேற்கோள் காட்டும் மரபிலேயே அவருக்குப் பதில் இருந்தது. 1577இன் ஒருமைப்பாட்டு வாய்ப்பாட்டில் பத்தாம் பிரிவு இந்த ‘இரண்டுங்கெட்டான்’ காரியங்களைப் பற்றித்தான் பேசுகிறது. சும்மா இருக்கும்போது அவை சாதாரண விஷயம்தான். நற்செய்தியின் உண்மையே பணயமாக நிற்கும் நேரத்தில் யாராவது அவற்றைக் கட்டாயமாக்கினால் அப்போது அவை சாதாரண விஷயமாக இருப்பதில்லை, விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறது அது. ராஜநாயக்கன் கையிலிருந்து அப்பம் வாங்கமாட்டோம் என்று ஒரு கூட்டம் நிபந்தனை போட்டபோது சாதி மெழுகுவத்தி மாதிரியான விஷயமாகவா இருந்தது? பீடத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டதே.

இந்த வாதம் என் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட முடியாது. ஆப்பிரிக்காவில் லுத்தரன்கள் இதே வழியில் போயிருக்கிறார்கள். 1977இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, நிறவெறி என்பது அரசியல் கருத்து வேறுபாடு இல்லை, விசுவாச அறிக்கையையே தொடும் விஷயம் என்று அறிவித்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே திருவிருந்துக்கு வர முடியாத சபை, லுத்தரன் சபை என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1984இல் புடாபெஸ்டில் தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தார்கள். தரங்கம்பாடியில் இரண்டு வரிசையைப் பொறுத்துக்கொண்ட அதே மரபு, இருநூற்றைம்பது வருஷம் கழித்து வேறொரு கண்டத்தில் அதைப் பொறுக்கவில்லை. சாதிக்கும் இந்த மொழியைப் பேச ஆட்கள் வந்தார்கள். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலைமையில் தலித் இறையியல் துறை வந்தது. 2009 மார்ச்சில் பாங்காக்கில் உலகத் திருச்சபைகள் மன்றமும் லுத்தரன் கூட்டமைப்பும் சேர்ந்து தலித்துகளுக்கான நீதி பற்றி மாநாடே நடத்தின. பாங்காக்கிலிருந்து கண்டமங்கலத்துக்கு வருகிற தூரம் வேறு விஷயம்.

ஓக்ஸ் ஜெயித்தாரா? தென்னாற்காட்டில் அவர் வழிவந்த சபைகளைப் பார்த்தால் பதில் சொல்லச் சிரமமாக இருக்கும். சாதியை விட்டுவிட்டு வா என்றதும், விடுவதற்கு ஏதாவது இருந்தவர்கள் வரவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தார்கள். அவர்கள் மரியாதையைத் தேடி வந்தார்கள், எழுத்தைத் தேடி வந்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சியைத் தேடியும் வந்தார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயிலுக்குள் சுவர் இல்லை. ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரவேண்டியவர்கள் கோயிலுக்கே வரவில்லை. சுவர் கோயிலைச் சுற்றி வெளியே போய் நின்றுகொண்டது. லைப்சிக் சபைகளில் கை கொடுக்க மறுத்த சகோதரன் பக்கத்து பெஞ்சிலாவது இருந்தான். இங்கே அவன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வேறு சாமி கும்பிட்டுக்கொண்டு, நம் வீட்டு ஆண்களைக் கூலிக்குக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறான். அவனோடு ஒப்புரவாவது எப்படி? காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு எந்தத் தெருவுக்குப் போவது? அவனல்லவா வரவேண்டும்?

இது எட்டாத உயரத்தில் நிற்கும் கேள்வி இல்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று சபைச் சங்கத்தில் மூப்பர்களாக இருக்கும் வயதுக்காரர்கள். ஒரே கோயிலுக்குள் இரண்டு தரப்பும் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஒரே ஜெபமாலை மாதாவுக்கு முன்னால் நிற்கிறவர்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி அங்கே மூண்ட கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள். தலித்துகள் கேட்டது தங்களுக்கென்று ஒரு தனிப் பங்கு. ஒற்றுமைக்கு விரோதம் என்று பலர் அதைக் கண்டித்தார்கள். ஒன்றாக இருந்தபோது யாருடைய பிணம் எந்த வழியாகப் போனது என்று விசாரித்துவிட்டுக் கண்டித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவே அரசாங்கக் காகிதம் வேறு. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். இதன் விளைவைக் கிராமத்தில் யாரும் விளக்கவேண்டியதில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர். திடப்படுத்தல் நாளில் எல்லார் முன்னாலும் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிள்ளை, மறுமாதம் தாசில்தார் அலுவலகத்தில் ‘இந்து’ என்று எழுதிய விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கும். பாவ அறிக்கை சொல்லும்போது அந்தப் பிள்ளை எதை நினைத்துக்கொள்ளும்? இதைப் பொய் என்று பிரசங்கம் செய்கிற போதகர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பொய்யை அந்தப் பிள்ளையின் வாயில் வைத்தது யார் என்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதில்லை.

சபைக்குள் வருவோம். லுத்தரன் வழக்கத்தில் ஒப்புரவுக்கென்றே ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால் போதகரிடம் பெயர் கொடுப்பது. விரும்பினவனெல்லாம் நேராகக் கிராதிக்குப் போய்விட முடியாது. வந்து சொல்ல வேண்டும், விசாரிக்கப்பட வேண்டும், பாவ அறிக்கை கேட்கப்பட வேண்டும். தனிப்பட்ட பாவ அறிக்கையை லூத்தர் ஒழிக்கவில்லை. கட்டாயத்தைத்தான் எடுத்தார். அவருடைய 1529 சிறிய ஞானோபதேசத்தில் பாவ அறிக்கைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுத் திண்ணையில் பெயர் கொடுக்க வந்தவரிடம் போதகர் சாதாரணமாகக் கேட்பார், தம்பியோடு பேசுகிறீர்களா, வரப்புத் தகராறு என்ன ஆச்சு என்று. பேசவில்லை என்றால் இந்த வாரம் வேண்டாம், பேசிவிட்டு அடுத்த மாதம் வாங்க என்று அனுப்பிவிடுவதும் உண்டு. இன்று பல இடங்களில் அது காணாமல் போய்விட்டது. அறிக்கையும் மன்னிப்பும் ஆராதனையின் தொடக்கத்திலேயே, எல்லாருக்கும் சேர்த்து, மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுகின்றன.

அந்தப் பழைய திண்ணையை நான் அளவுக்கு மீறிப் புகழப்போவதில்லை. திண்ணையில் நடந்தது பலமுறை ஊர்ப் பஞ்சாயத்தின் இன்னொரு பதிப்புதான். புருஷன் அடித்தான் என்று வந்த பெண்ணிடம், நீதானே விசுவாசி, நீதான் விட்டுக்கொடு என்பார்கள். அண்ணன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று வந்தவனிடம், எழுபது தரம் ஏழு என்று கணக்குச் சொல்வார்கள். எழுந்து போய்க் காலில் விழவேண்டியவன் வீட்டில் உட்கார்ந்திருப்பான். அடி வாங்கியவர் மன்னிப்பைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்கு நடக்க வேண்டும். மத்தேயு ஐந்தில் நான் முன்பு சுட்டிய நுணுக்கத்தை நம் சபைகள் தலைகீழாக வாசிக்கின்றன என்று சொன்னது இதைத்தான்.

சபைத் தேர்தல் வந்தால் அதுவும் கிடையாது. திருச்சபைத் தேர்தல், சொத்து, பதவி என்று நீதிமன்றத்துக்குப் போகிற வழக்குகள் தமிழகத்துப் புராட்டஸ்டண்ட் சபைகளில் செய்தித்தாள் வாசிக்கிற எவருக்கும் பழகிப்போன சங்கதி. சகோதரனோடு சகோதரன் அவிசுவாசிகளுக்கு முன்பாக வழக்காடுகிறானே என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை இரண்டு தரப்பு வக்கீல்களும் அறிவார்கள், அவர்களும் சபைக்காரர்களாக இருந்தால். எனக்கு ஒரு சந்தேகம். வெளியே இருக்கும் சுவரைத் தொட முடியாத கோபம்தான் உள்ளே இத்தனை சின்னச் சின்னச் சுவர்களை எழுப்புகிறதோ? நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஊரில் ஒரு நாற்காலி கிடைக்காதவனுக்குச் சபைச் சங்கத்து நாற்காலி எவ்வளவு பெரியது என்பதை அந்த நாற்காலியைக் கேலி செய்கிறவர்கள் யோசிப்பதில்லை.

ஒப்புரவாவது எப்படி என்பதற்கு லுத்தரன்கள் அண்மையில் செய்து காட்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் அனபாப்டிஸ்டுகளை, அதாவது குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தவர்களை, ஆட்சியாளர்கள் கொன்றபோது லூத்தரும் மெலாங்க்தனும் அதற்கு நியாயம் எழுதிக் கொடுத்தார்கள். அவுக்ஸ்பர்க் அறிக்கை அவர்களைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. அவர்களுடைய வாரிசுகளான மெனோனைட்டுகளிடம் 2010 ஜூலை 22 அன்று ஸ்டுட்கார்ட்டில் கூடிய பேரவையில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பு மன்னிப்புக் கேட்டது. பலர் முழங்கால்படியிட்டார்கள். அந்தப் பேரவையின் மையக்கருத்து அன்றாட அப்பத்துக்கான வேண்டுதல். முழங்கால் படம்தான் பத்திரிகைகளில் வந்தது. எனக்கு அதற்கு முந்திய வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு தரப்பு அறிஞர்களும் வருஷக்கணக்கில் கூடி உட்கார்ந்து, நடந்தது என்ன என்ற சரித்திரத்தைச் சேர்ந்தே எழுதினார்கள். கொன்றவன் தரப்புப் புத்தகம் ஒன்று, செத்தவன் தரப்புப் புத்தகம் ஒன்று என்று இல்லாமல் ஒரே புத்தகம். அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட முடிந்த பிறகுதான் மன்னிப்பு.

அப்படி ஒரு புத்தகம் தென்னாற்காட்டுக்கு எழுதப்பட்டால் அதில் என்னவெல்லாம் இருக்கும்? ராஜநாயக்கனுக்குக் கொடுக்கப்படாத பட்டம் ஓர் அத்தியாயம். கிரௌலும் ஓக்ஸும் ஓர் அத்தியாயம். சாஸ்திரியாரின் பூவும் பாட்டும் நியாயமாக ஓர் அத்தியாயம். ஞானஸ்நானப் புத்தகத்தையும் சாதிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அத்தியாயம். கடினமான அத்தியாயம், அருந்ததியர் வீட்டுப் பெண்ணைக் கட்டமாட்டேன் என்கிற பறையர் லுத்தரன் குடும்பங்களைப் பற்றியது. அதைச் சபைக்காரர்களே எழுத வேண்டும். வெளியாள் எழுதினால் அடிக்க வருவார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் லுத்தரன் சபைகளும் பங்காளிகள். அங்கே பாடம் சொன்ன ஜே. தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று எல்லாரும் அறிந்தவர், 2005இல் இறந்தார். பறையும் நாட்டுப்புற மெட்டும் வைத்து வழிபாட்டு முறை செய்தவர். அவர் அடிக்கடி பேசியது ‘ஒரு ஒலை’ பற்றி. அதாவது ஒரே உலை. தனித்தனியாகச் சமைத்துக் கொண்டுவந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது போதாது, எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் கொதிக்க வேண்டும் என்பார். 1850இல் மிஷனரிகள் மற்றவர்களுக்கு வைத்த பரீட்சை, அவர் கையில் சேரிக்காரர்கள் தாங்களே அடுப்பு மூட்டிக் கூப்பிடும் விருந்தாக மாறியது. பரீட்சையில் தோற்றால் அவமானம். விருந்துக்கு வராவிட்டால் நஷ்டம் வராதவனுக்கு.

அந்தச் சின்னக் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை நடக்கும். வீட்டுக்கு வீடு பூசணி, கரும்பு, நாட்டுக்கோழி, ஒரு படி மணிலாக்கொட்டை என்று கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். அன்றைக்கு ஊர்த்தெருவிலிருந்தும் நாலைந்து பேர் வருவார்கள். கடை வைத்திருப்பவர், பஞ்சாயத்தில் இருந்தவர், இங்கே ஓட்டு உள்ளவர். கோழியின் விலையை ஏற்றிவிட்டுச் சிரிப்பார்கள், காணிக்கை என்று நூறு ரூபாய் கூடவே கொடுப்பார்கள். பின்பக்கம் பந்தல் போட்டுப் பெரிய அண்டாவில் பிரியாணி வெந்துகொண்டிருக்கும். மூப்பர் ஒருவர் அவர்களிடம் வந்து, சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்பார். இன்னொரு நாளைக்கு ஆகட்டுங்க, வேலை கெடக்கு என்பார்கள். மூப்பர் மறுபடி வற்புறுத்தமாட்டார். பையனைக் கூப்பிட்டுக் கண்ணால் காட்டுவார். பையன் ஓடிப் போய் மூடி திறக்காத சோடா பாட்டில்கள் நாலைந்தை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கொண்டுவந்து நீட்டுவான்.